1889-ஆ, 2002-ஆ: விம்பிள்டன் கழகத்தோடு எங்கள் அனுபவங்கள்

2009ஆம் ஆண்டு, தெற்கு லண்டனுக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், உடன் பணிபுரிந்த ஒருவர் அழைத்ததால் கிங்ஸ்மெடோ மைதானத்துக்கு முதன்முறையாகச் சென்றேன். பழைய விம்பிள்டன் கழகம் மில்டன் கீன்ஸ் நகருக்குப் போக இசைவு கிடைத்ததும், 2002இல் ஆதரவாளர்களே தொடங்கிய கால்பந்துக் கழகமான ஏ.எஃப்.சி. விம்பிள்டன் அப்போதுதான் ஐந்தாம் அடுக்குக்கு உயர்ந்திருந்தது. நுழைவாயிலருகே அன்றைய ஆட்டத்துக்கான சிறுநூலை விற்றுக்கொண்டிருந்த முதியவரிடம், ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, "தொடங்கிய ஏழே ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்களே" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஏழு இல்லை, நூற்றிருபது" என்று மட்டும் சொல்லி, மீதிச் சில்லறையை என் கையில் வைத்தார். அந்தத் திருத்தத்தின் பொருள் எனக்கு விளங்கப் பல மாதங்கள் ஆயின.

அவர் கணக்கில் கழகம் தொடங்கியது 1889இல். ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ் என்ற பெயரில் ஊர்ப் பொதுவெளியில் ஆடத் தொடங்கி, அருகிலிருந்த மதுவிடுதி ஒன்றில் உடை மாற்றிக்கொண்ட காலம் அது. 1912இல் ப்ளவ் லேன் அவர்களுடைய மைதானமாயிற்று. ஊதியம் பெறாத ஆட்டக்காரர்களுக்கான எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பையை 1963இல் வென்றபோது, இறுதியாட்டத்தின் நான்கு கோல்களையும் எடி ரேனால்ட்ஸ் தலையால் முட்டியே போட்டார். 1975இல் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில், மேல் நான்கு அடுக்குகளைக் கொண்ட ஃபுட்பால் லீக்குக்கு வெளியே இருந்த இந்த அணி, அன்றைய உச்ச அடுக்கான முதல் டிவிஷனின் அணியான பர்ன்லியை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தியது. அடுத்த சுற்றில் லீட்ஸ் அணியின் பீட்டர் லாரிமர் அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் டிக்கி கய் தடுத்தார். 1977இல் லீக்கில் இடம் கிடைத்தது. 1986இல் முதல் டிவிஷனை எட்டியது. ஒன்பது ஆண்டுகளில் அடித்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏறியதை, அன்றைய பெரிய கழகங்களின் பணபலத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது 2007இல் நடந்தது. மில்டன் கீன்ஸுக்குப் போன கழகம், 2002க்கு முந்தைய கோப்பைகளையும் நினைவுப் பொருள்களையும் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் வட்டாரத்திடம் ஒப்படைத்து, அந்த வரலாற்றின் மீது தனக்கிருந்த உரிமைகோரலைக் கைவிட்டது. லீக்கில் பழைய கழகத்தின் இடம் அந்தக் கழகத்திடமே இருந்தபோதிலும், பதிவேட்டில் இருக்கும் பெயருக்கும் மைதானத்தில் மூன்று தலைமுறையாக நின்றவர்களின் நினைவுக்கும் இடையே வழக்கு வந்தால், நினைவுக்கே கோப்பை போய்ச் சேர வேண்டும் என்பது அங்கே ஏற்கப்பட்டது. சிறுநூல் விற்ற பெரியவர் எனக்குச் சொன்னது இதைத்தான். மூத்த அன்பர்கள் யாரேனும் அந்த நாள்களை நேரில் கண்டிருந்தால் எழுத வேண்டுகிறேன்.

*

தம்பி, உங்கள் பதிவைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க இயலவில்லை. நான் 1985இல் லண்டனுக்கு வந்தவன். 1988 மே 14 அன்று, ஒரே வீட்டில் தங்கியிருந்த ஐவரும் ஒரு சிறிய தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, லிவர்பூலுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தைப் பார்த்தோம். லாரி சான்செஸ் தலையால் போட்ட ஒரே கோலும், ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை டேவ் பெசன்ட் இடப்பக்கம் பாய்ந்து தடுத்ததும் இன்றும் கண்முன் நிற்கின்றன. வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் ஒன்றில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. நாங்கள் வசித்த தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள அணி அது என்பதே, ஊரில் வேர் எதுவும் இல்லாதிருந்த எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1991இல் ப்ளவ் லேனை விட்டு வெளியேறி, கிறிஸ்டல் பேலஸ் அணியின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டிக்குடித்தனம் தொடங்கியது. உயர் டிவிஷனில் ஆடிக்கொண்டே வீடில்லாமல் இருந்தோம். எதிரணியின் ஆதரவாளர்கள் எங்களைவிட மிகுதியாக வந்து நின்ற நாள்கள் உண்டு. வீட்டை இழந்த கழகத்தை இடம்பெயர்ப்பது எளிதாகிவிடுகிறது என்பதை அப்போது நாங்கள் உணரவில்லை.

2002 மே 28 அன்று, மூவர் கொண்ட விசாரணைக் குழு, இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸுக்குக் கழகம் செல்ல இசைவளித்தது. ஆதரவாளர்களே புதுக் கழகம் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற கருத்தும் அந்த முடிவில் இருந்தது. அந்த ஒரு வரியே பலரை எழுந்து நிற்கச் செய்தது. ஒரு மாதம் கழித்து, ஜூன் 29 அன்று, அணித் தேர்வுக்காக விம்பிள்டன் பொதுவெளிக்கு 230 பேர் வந்தனர். என் மகனைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கச் சென்றிருந்தேன். பழையவர்கள் ஆடத் தொடங்கிய அதே புல்வெளி என்பதை அருகில் நின்ற ஒருவர் அவனுக்கு விளக்கினார். ஜூலை 10இல் சட்டன் யுனைடெட் அணியுடன் நடந்த முதல் நட்பாட்டத்துக்கு 4,657 பேர் திரண்டோம். நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றோம். என் வாழ்நாளில் தோல்விக்கு இவ்வளவு நேரம் கைதட்டியதில்லை.

பின்னர் நடந்ததைப் பதிவேடுகள் சொல்லும். 2003 முதல் 2004 வரை தொடர்ச்சியாக 78 லீக் ஆட்டங்களில் தோல்வியில்லை. 2011 மே மாதம் மான்செஸ்டரில் லூட்டன் அணியைப் பெனால்டிகளில் வென்று, ஒன்பதாவது பருவத்தின் முடிவில் லீக்குக்குத் திரும்பினோம். 1975இல் அந்தப் பெனால்டியைத் தடுத்த டிக்கி கய், புதிய கழகத்தின் கௌரவத் தலைவராக இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூற்றிருபது என்று அந்தப் பெரியவர் சொன்னதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

*

ஐயா எழுதியதன் தொடர்ச்சியாக நான் சொல்லக்கூடியது சிறிதுதான். 2020இல், பழைய மைதானத்துக்கு மிக அருகே கட்டப்பட்டுவந்த புதிய ப்ளவ் லேனை முடிக்கப் பணம் போதாமல் போனபோது, கழகம் ஆதரவாளர்களிடம் கடன்பத்திரம் வெளியிட்டு 50 இலட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. கடன் கொடுப்பவரே வட்டி வீதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வட்டியே வேண்டாம் என்றும் எழுதிக் கொடுக்கலாம். நானும் கணவரும் ஒரு சிறு தொகையைக் கொடுத்தோம். கழகத்தின் பெரும்பான்மை உரிமை ஆதரவாளர்களின் அறக்கட்டளையிடம் இருப்பதால்தான், வெளியாரிடம் முழுவதுமாக விற்றுவிடாமல் இப்படியொரு வழியைத் தேட முடிந்தது என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று, தொற்றுக் காலமாதலால் ஆதரவாளர் எவருமின்றி, டான்காஸ்டர் அணியுடன் அங்கே முதல் ஆட்டம் நடந்தது. இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அதை வீட்டுத் திரையில்தான் கண்டனர். மறு ஆண்டு ஆகஸ்டில் போல்டனுக்கு எதிரான ஆட்டத்துக்கு நாங்கள் சென்றபோது, பழைய மைதானம் இருந்த இடத்தின் வழியாகவே நடந்து போனோம். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்கு ரேனால்ட்ஸ் கேட் என்று பெயர். நான்கு கோல் போட்ட அந்த எடி ரேனால்ட்ஸ் யார் என்று என் மகள் கேட்டாள். மைதானத்தின் வாசல் வரை சொல்லிக்கொண்டே போனேன். ஆட்டம் மூன்றுக்கு மூன்று என முடிந்தது.