துத்தநாகம் இருந்த இடத்தில் செம்பு வைத்தால் நொதி ஏன் படுத்துவிடுகிறது?

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நேற்று ஒரு பையன் கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டேன். உயிர்வேதியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

விஷயம், சிவப்பணுக்களில் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ். கரியமில வாயுவையும் தண்ணீரையும் பைகார்பனேட்டாக மாற்றுகிற நொதி. வேகம் வினாடிக்குச் சுமார் 10 லட்சம் மூலக்கூறுகள்! மூன்று ஹிஸ்டிடின்கள் (புரதத்தில் இருக்கும் ஒரு வகை அமினோ அமிலம்) துத்தநாக அயனியைப் பிடித்திருக்க, நான்காவது இடத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு. துத்தநாகம் இழுக்கிற இழுப்பில் அது புரோட்டானைச் சுலபமாக விட்டுவிடுகிறது. சும்மா இருக்கும் தண்ணீருக்கு 15ஐத் தாண்டும் பிகேஏ (pKa; இது குறையக் குறைய புரோட்டானை விடுவது சுலபம்), இங்கே 7க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. மிஞ்சுகிற ஹைட்ராக்சைடு கரியமில வாயுவைத் தாக்குகிறது. புரோட்டானை வெளியே கடத்த புரதச் சங்கிலியின் 64ஆவது இடத்தில் இன்னொரு ஹிஸ்டிடின் இருக்கிறது. சரி, இதுவரை போர்டில் போட்டுவிட்டேன்.

"சார், துத்தநாகத்தை எடுத்துட்டு வேற உலோகம் போட்டா?" என்றான். கோபால்ட் போட்டால் ஓரளவு நன்றாகவே ஓடும், செம்பு போட்டால் ஓடாது என்றேன். ஏன் என்றான். துத்தநாகம் நான்முகி வடிவத்தில் சௌகரியமாக உட்காரும், செம்புக்கு அது ஒத்துவராது என்று சமாளித்தேன். அவன் விடவில்லை. ஒரு கடல் டயாட்டம் (ஒற்றைச் செல் பாசி) காட்மியத்தை வைத்தே இதே வேலையைச் செய்கிறதாமே என்றான். (எங்கே படிக்கிறான்களோ!)

வடிவம் மட்டும்தானா காரணம்? செம்பு வந்தால் தண்ணீரும் பைகார்பனேட்டும் இடம் மாறுவதிலும் சிக்கல் வருமா? பிளஸ் டூ அளவில் விளக்கினால் போதும். கையால் வரைந்த படம் இருந்தாலும் போடுங்கள். வியாழக்கிழமை அவனுக்கு மறுபடி வகுப்பு.