பட்டா மாறுதல் நிராகரிப்பு: இத்தனை கையெழுத்து எதற்கு?

வாய்க்கால்மேடு கேட்டது:

அப்பா தவறிய பிறகு ஊரில் இருக்கும் நஞ்சையை அம்மா, நான், தங்கை மூவர் பெயருக்கும் மாற்ற இ-சேவை மையத்தில் ₹60 கட்டி மனுப் போட்டேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றியாயிற்று. பிறகு ஒரு எஸ்எம்எஸ்: மனு நிராகரிக்கப்பட்டது. காரணம்: "ஆவணங்கள் பொருந்தவில்லை."

எந்த ஆவணம், எதோடு பொருந்தவில்லை? விஏஓவைக் கேட்டால், "நான் பரிந்துரை பண்ணிட்டேன் சார், மண்டலத் துணைத் தாசில்தாரைப் பாருங்க." அங்கே போனால், "ஆன்லைன்ல பாருங்க." ஆன்லைனில் அதே ரெண்டு வார்த்தைதான். கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பரிதாபப்பட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். பட்டாவில் அப்பாவுக்குத் தகப்பனார் என்று தாத்தாவின் அண்ணன் பெயர் ஏறியிருக்கிறது.

நான் ஐடி கம்பெனியில் இருக்கிறேன். நாங்கள் இப்படிப் பதில் சொன்னால் கஸ்டமர் அன்றைக்கே ஓடிவிடுவார். ஒரு பெயரை மாற்ற இத்தனை நாற்காலி தேவையா?

பர்ச்சேஸ் ராசா:

கம்பெனியில் மட்டும் சிவப்பு நாடா இல்லையா என்ன? நான் ஒரு தனியார் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு. போன வருஷம் ஒரு பேரிங் போய் லைன் நின்றுவிட்டது. பேரிங் விலை ஆயிரம்கூட இல்லை. ஆனால் மூன்று கொட்டேஷன் வேண்டும், கடைக்காரருக்கு வெண்டர் கோடு வேண்டும், அதற்கு ஜிஎஸ்டி, பான், கேன்சல் செய்த செக் வேண்டும். சூப்பர்வைசர் பொறுக்க முடியாமல் கைக்காசு போட்டு வாங்கி மாட்டி லைனை ஓட்டினார். அவர் பில்லை அக்கவுண்ட்ஸ் திருப்பிவிட்டது: "பிஓ இல்லை" (முறையான கொள்முதல் ஆணை இல்லையாம்).

அதே சமயம் இதையும் சொல்லணும். அந்த மூணு கொட்டேஷன் விதி வந்ததே, முன்னால் இருந்த மேனேஜர் சகலத்தையும் மச்சான் கடையிலேயே வாங்கினதால்தான்.

சும்மா_ஒருவன்:

ஐயாயிரம் வெட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும் பாஸ். இதுக்கு ஒரு திரி வேறயா?

ஓய்வு_தாலுகா:

தம்பி, வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளரா நுழைஞ்சு துணைத் தாசில்தாரா வெளியே வந்தவன் நான். அந்த நிராகரிப்பு வாசகத்தைப் பார்த்தா எனக்கே எரிச்சல் வருது. எங்க காலத்தில் குறிப்புக் கோப்பில் "பொருந்தவில்லை"ன்னு மட்டும் எழுதி மேலே வெச்சா தாசில்தார் விட்டெறிவார். எந்தப் புல எண், எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம்னு கேட்பார். இப்போ கட்டத்துக்குள்ள ரெண்டு வார்த்தை தட்டினா, நிலுவைப் பட்டியல்ல ஒரு மனு குறைஞ்சுடுது. கோளாறு அங்கேதான். கையெழுத்து எண்ணிக்கையில் இல்லை.

கையெழுத்து எதுக்குன்னு கேட்டியே. ஒரு வாரிசுச் சான்று மனு வந்தது. அண்ணன் தம்பி ரெண்டே பேர், வேற வாரிசு இல்லைன்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. ரேஷன் கார்டும் அப்படித்தான் சொல்லுச்சு. விஏஓ தெருவில் வாக்குமூலம் வாங்கப் போனப்போ எதிர்வீட்டுக் கிழவி, "கோலாருக்குக் கட்டிக்கொடுத்த பொண்ணு பொங்கலுக்கு வந்துட்டுப் போச்சே"ன்னு போட்டு உடைச்சா. கீழே அவள் கைநாட்டு, ஊதா மையில், பாதி அழிஞ்சு. அந்தக் காகிதம் இல்லேன்னா அந்தப் பொண்ணு சான்றில் இருந்திருக்கவே மாட்டா. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளும் முதல்நிலை வாரிசு. அண்ணன்காரர் அலுவலகத்துக்கு வந்து, "வேணும்னே இழுத்தடிக்கிறீங்க"ன்னு கத்தினார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தா அது இழுத்தடிப்புதான்!

1980 வரைக்கும் கர்ணம், மணியக்காரர்னு பரம்பரை ஆட்கள் கையில் கிராமக் கணக்கு. எம்ஜிஆர் அரசு அதை ஒழிச்சுட்டுத்தான் விஏஓ பதவி வந்தது. ஒரே ஆள் கையில் பேனா இருந்த கதையைப் பெரியவங்களைக் கேளு, சொல்லுவாங்க.

கஸ்டமர் ஓடிடுவான்னு எழுதியிருக்கே. என் மனைவியின் ஆஸ்பத்திரி கிளெய்ம் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் மாட்டிக்கிட்டது. எங்கே ஓடறது? சாட்டில் தினம் ஒரு புது ஆள். தினமும் கதையை முதல்லேருந்து சொல்லணும். தாலுகாவில் "ந.க. அ3"ன்னு ஆரம்பிக்கிற கோப்பு எண் இருந்தா, அ பிரிவில் மூணாவது இருக்கைன்னு நேரே போய் நிக்கலாம். முடிஞ்ச கோப்பில் "ப.மு."ன்னு போட்டிருந்தா பத்து வருஷம் பதிவறையில் இருக்கணும். அந்த நிறுவனத்தில் எந்த இருக்கைன்னு யாரைக் கேட்பே?

உன் விஷயம் யுடிஆர் பிழை மாதிரி இருக்கு. 1979லேருந்து 1987 வரைக்கும் நடந்த அந்த நில உடைமைப் பதிவேடு புதுப்பிப்பில் தகப்பனார் பெயர் மாறினது ஊருக்கு ஊர் உண்டு. அதுக்கு முந்தின எஸ்எல்ஆர் (செட்டில்மெண்ட் நிலப் பதிவேடு) நகலும் யுடிஆர் 'அ' பதிவேடு நகலும் வாங்கு. தாய்ப்பத்திரத்தையும் சேர்த்துப் பெயர் திருத்தத்துக்கு எழுத்து மனு கொடுத்து, ந.க. எண் வாங்காம நகராதே. நிராகரிப்புக்கு அடிப்படையான விஏஓ அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளு. ₹10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாளில் பதில் வரணும். அதுக்கும் மசியலேன்னா கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அவருக்கு மேல மாவட்ட வருவாய் அலுவலர் (டிஆர்ஓ). 1983ஆம் வருஷப் பட்டா பாஸ்புக் சட்டத்திலேயே இடம் இருக்கு.

சும்மா ஒருவன் தம்பிக்கு: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் கொடுக்கிறதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னா ஏழு நாளுக்குள் புகார் கொடுக்கணும். தவிர, நீ கொடுக்கிற ஐயாயிரத்தால் பட்டாவில் இருக்கிற தாத்தாவின் அண்ணன் நகர மாட்டார். நாளைக்கு விக்கப் போறப்போ திரும்ப வந்து நிப்பார்.

வாய்க்கால்மேடு:

ஐயா, ரொம்ப நன்றி. எஸ்எல்ஆர் நகல் எங்கே கேட்கணும்? தாலுகாவில் "பழசு எதுவும் இல்லை"ன்னு சொல்லிட்டாங்க.

ஓய்வு_தாலுகா:

"இல்லை"ங்கறதை எழுத்தில் கொடுக்கச் சொல்லு, பாதி நேரம் அப்பவே பதிவேடு கிடைச்சுடும். நிஜமாவே இல்லேன்னா கலெக்டர் ஆபீஸ் பதிவறை. கிராமத்தின் பெயர், பழைய சர்வே எண் ரெண்டும் குறிச்சுக்கிட்டுப் போ. திங்கட்கிழமை மட்டும் போகாதே. அன்னிக்குக் குறைதீர் நாள், உன்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.