சிங்கப்பூர், மலேசியா பயணம்: துட்டை எப்படிக் கொண்டு போவது?

பாளை_கயல்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூர் போகிறேன். அங்கே ஐந்து நாள், அப்புறம் பஸ்ஸில் கோலாலம்பூர் போய் மூன்று நாள். மூன்று பேருக்குமே இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். விமானம், ஓட்டல் எல்லாம் இங்கிருந்தே கட்டியாகிவிட்டது. சாப்பாடு, போக்குவரத்து, சுற்றிப் பார்க்க, கொஞ்சம் சாமான் வாங்க என்று ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. "கார்டெல்லாம் நம்பாதே, முழுசையும் டாலரா மாத்தி என்கிட்ட கொடு, இடுப்பில் கட்டிக்கிடுதேன்" என்கிறார். நெல் போட்ட பணத்தை வேட்டி மடியில் வைத்து அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டு வந்தவர், ஒரு ரூபாய் தொலைத்ததில்லை, அதனால் அவர் பேச்சைத் தள்ளவும் மனசு வரவில்லை. ஆபீஸில் ஒருத்தர் கிரெடிட் கார்டு போதும் என்கிறார், இன்னொருத்தர் வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கிற ஃபாரெக்ஸ் கார்டு என்கிறார், தம்பி யுபிஐயே அங்கே ஓடும் என்கிறான். என்னிடம் இருப்பது ஒரே வங்கியின் டெபிட் கார்டும் கிரெடிட் கார்டும். எதில் எவ்வளவு வைக்கலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலப்பாளையத்துக்காரன்:

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்கிறேன். ஒரே வங்கியின் இரண்டு கார்டு என்பது ஒரு கார்டுதான். இதை நான் கோலாலம்பூரில் ராத்திரி பத்தரை மணிக்குத் தெரிந்துகொண்டேன். ஓட்டலில் வாடகை முன்னாலேயே கட்டியிருந்தோம், ஆனாலும் டெபாசிட் கேட்டார்கள், போகும்போது திருப்பித் தருவார்களாம். டெபிட் கார்டைக் கொடுத்தேன், வெளிநாட்டில் திடீரென்று போட்டதும் வங்கி சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டது. கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணவே இல்லை. சரி, ஆப்பில் ஆன் பண்ணலாம் என்றால் அதற்கு ஓடிபி வரணும், என் சிம்மில் ரோமிங் கிடையாது. பிள்ளைகள் இரண்டும் சோபாவிலேயே தூங்கிவிட்டன. கடைசியில் என் மனைவி கைப்பைக்குள் கைவிட்டு, குர்ஆன் வசனம் எழுதின சின்ன உறையிலிருந்து நாலாக மடித்த 100 அமெரிக்க டாலர் நோட்டை எடுத்தாள். மஸ்கட்டில் இருக்கும் மச்சான் எப்போதோ கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தந்தார்கள்.

அதனால் உங்கள் அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கையில் நோட்டு வேணும்தான், ஆனால் முழுசும் ஒரே இடுப்பில் வேண்டாம். மூன்று பேர் போகிறீர்கள், மூன்று பேரிடமும் இருக்கட்டும். மலேசியாவில் வெளிநாட்டுக்காரர்களிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வேறு வாங்குவார்கள், பெரும்பாலும் கவுண்டரில்தான் கட்டணும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வண்ணார்பேட்டை_ஓய்வு:

அம்மா கயல், நான் வங்கியில் அந்நியச் செலாவணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விதிமுறையைச் சொல்லிவிடுகிறேன், அப்பாவிடமும் வாசித்துக் காட்டுங்கள். ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம் (சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு), அதற்கு மேல் கார்டில்தான். உங்கள் தொகை அந்த அளவுக்குப் போகாது. ரூபாய் நோட்டைக் கொடுத்து டாலர் வாங்குவது 50,000 ரூபாய் வரைதான், மேலே போனால் வங்கிக் கணக்கிலிருந்து கட்டணும். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் எடுத்துப் போங்கள், வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான ஏ2 படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். டிசிஎஸ் (வெளிநாட்டுப் பணம் வாங்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கிற வரி) என்று யாராவது பயமுறுத்தினால் கவலை வேண்டாம், 2025 ஏப்ரலிலிருந்து வருஷத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பிடித்தம்.

இப்போது கிரெடிட் கார்டு. பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப், அதாவது கூடுதல் கட்டணம், போடுவார்கள், அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் செலவழித்தால் 4,130 ரூபாய் சும்மா போகும். அதே கார்டை ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுத்தால் எடுத்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும், அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஃபாரெக்ஸ் கார்டில் சிங்கப்பூர் டாலரை இங்கேயே ஏற்றிவிட்டால் அன்றைய விலை அப்படியே நிற்கும். ஆனால் எல்லா ஃபாரெக்ஸ் கார்டிலும் ரிங்கிட் இருக்காது. இல்லாத நாணயத்தில் தேய்த்தால் மறுபடி ஒரு மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் கணக்கு இல்லாத வேறு வங்கியில் வாங்குங்கள், மேலப்பாளையம் தம்பி சொன்னதற்கும் அது மருந்து.

2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டெல்லாம் உள்நாட்டுக்கு மட்டும் என்றே வருகிறது. ஆப்பில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே திறந்து, வரம்பும் வைத்து, அந்த சிம்முக்கு ரோமிங் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். ரூபாய் நோட்டும் ஒருவர் 25,000 வரை கொண்டு போகலாம், திரும்பக் கொண்டு வரலாம். ஒரு ஐயாயிரம் எடுத்து வையுங்கள், விடிகாலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி ஊருக்கு டாக்ஸி பிடிக்கணுமே.

கல்லிடை_சிங்கை:

கயல், எனக்குக் கல்லிடைக்குறிச்சி, இங்கே ஒன்பது வருஷமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான்தான் கூட்டிப் போவேன், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நோட்டாக வாங்கும்போது 100 டாலர் நோட்டாகவே தள்ளிவிடப் பார்ப்பார்கள், பாதிக்காவது 10, 50 கேளுங்கள். இங்கே உணவங்காடியில் ஒரு காபிக்கு 100 டாலரை நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார். டெக்கா சென்டர் மாதிரி இடங்களில் பல கடைகளில் ரொக்கம், இல்லையென்றால் உள்ளூர் கியூஆர், அவ்வளவுதான். அம்மாவுக்கு நிறத்தைச் சொல்லிக் கொடுங்கள்: 2 டாலர் ஊதா, 5 பச்சை, 10 சிவப்பு, 50 நீலம். என் அம்மா வந்தபோது இரண்டாம் நாளே எண்ணைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்தே கொடுத்து வாங்கப் பழகிவிட்டார்கள்.

எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் வங்கிக் கார்டைத் தட்டிப் போகலாம், ஆனால் ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான், மூன்று பேருக்கு ஒன்றைத் தட்ட முடியாது. வெளிநாட்டுக் கார்டு என்றால் நாளுக்கு 60 காசு கட்டணமும் உண்டு. அப்பா அம்மாவுக்கு ஆளுக்கொரு ஈசி லிங்க் பயணக் கார்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அவர்களும் யாரையும் எதிர்பார்க்காமல் தட்டிவிட்டு நடப்பார்கள்.

முக்கியமான ஒன்று. கடையிலோ ஏடிஎம்மிலோ "ரூபாயில் எடுக்கவா, சிங்கப்பூர் டாலரில் எடுக்கவா" என்று மெஷின் கேட்கும். ரூபாயில் தொகை தெரிகிறதே, நம்ம துட்டு, புரிகிறதே என்று அதைத் தொட்டுவிடத் தோன்றும். தொடாதீர்கள். எப்போதும் அந்த ஊர் நாணயம்தான். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த விலையில் மாற்றிவிடுவார்கள். போன வருஷம் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் என் மைனிக்கு, கேட்காமலேயே கடைப் பையன் ரூபாயைத் தட்டிவிட்டான், ரசீதைப் பார்த்துவிட்டு அங்கேயே ரத்து பண்ணச் சொல்லி மறுபடி போட வைத்தோம். ரசீதை வாங்கிப் பார்க்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

ரிங்கிட்டை ஊரில் தேடி அலைய வேண்டாம். கிளம்பும் முன் இங்கே முஸ்தஃபா கடை பக்கம் இருக்கிற மணி சேஞ்சர் இரண்டு மூன்றில் விலை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விமான நிலையத்தில் மட்டும் மாற்றாதீர்கள். தம்பியிடம் சொல்லுங்கள், 2023 பிப்ரவரியில் யுபிஐயை இங்குள்ள பேநவ் என்கிற பணம் அனுப்பும் வசதியோடு இணைத்தது ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பத்தான். சில கடைகளில் யுபிஐ எடுக்கிறார்கள், ஆனால் அதை நம்பிச் சாப்பிட உட்கார முடியாது.

பாளை_கயல்:

அண்ணாச்சிமார்களுக்கு ரொம்ப நன்றி. அப்பாவிடம் அந்தப் பத்தரை மணிக் கதையை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அந்தப் பிள்ள மடிச்சு வச்சிருந்தாள்லா, அதான் புத்தி" என்றார்.

எழுபதாயிரத்துக்கு வேறொரு வங்கியில் ஃபாரெக்ஸ் கார்டு, நாற்பதாயிரத்துக்கு சிங்கப்பூர் டாலர் நோட்டு, மீதி என் டெபிட் கணக்கிலேயே இருக்கட்டும், கிரெடிட் கார்டு ஆத்திரம் அவசரத்துக்கு என்று முடிவு செய்திருக்கிறோம். நோட்டை மூன்றாகப் பிரித்தாயிற்று. அப்பா பங்கு இடுப்பில்தான், அதில் பேச்சே இல்லை. அம்மா இன்றைக்கு மத்தியானம் பாவாடையில் உள்பக்கமாக ஒரு பை தைத்து, ஜிப் வேறு வைத்திருக்கிறாள். ஃபாரெக்ஸ் கார்டோடு கூடுதலாக இன்னொரு கார்டும் தருவார்களாமே, அதை அந்தப் பைக்குள் வைக்கலாமா, இல்லை ஓட்டல் லாக்கரா? வண்ணார்பேட்டை ஐயா, நேரம் இருக்கும்போது சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை_ஓய்வு:

அம்மாவிடமே இருக்கட்டும். பின் நம்பரை மட்டும் அதோடு எழுதி வைக்காதீர்கள்.