கேபிள் போட்டும் ஐபி வரவில்லை, 169.254 என்றே காட்டுகிறது. உதவுங்கள்

கேட்பவர், திருநகர்:
வணக்கம். வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கீழமாசி வீதி மளிகைக் கடைகள் சிலவற்றின் ஜிஎஸ்டி வேலை என்னிடம் இருக்கிறது. 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதக் கணக்குப் படிவம் போட்டாக வேண்டும், இந்த நேரம் பார்த்து டெஸ்க்டாப்பில் நெட் இல்லை. விண்டோஸ் 10. ரவுட்டர் கீழே ஹாலில், அங்கிருந்து மாடி அறைக்குக் கேபிள். வைஃபையில் போன்கள் நன்றாக ஓடுகின்றன. டெஸ்க்டாப்பில் மட்டும் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று வருகிறது. ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது, கேட்வே (ரவுட்டரின் முகவரி வரும் இடம்) காலி. முந்தாநாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தினார்கள், அதன் பிறகுதான் இப்படி. ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. நெட்வொர்க் கார்டு போய்விட்டதா? கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

பதில், செல்லூர்:
அக்கா, கடைக்கு இப்போது போக வேண்டாம். 169.254 என்பது ரவுட்டர் கொடுத்ததே இல்லை. கம்ப்யூட்டர் முகவரி கேட்டுப் பார்த்து, பதில் வராததால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. அதை வைத்து இணையத்துக்குப் போக முடியாது. சிஎம்டியை (கட்டளை தட்டும் கருப்புத் திரை) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரென்யூ' கொடுங்கள். என்ன சொல்கிறது என்று அப்படியே எழுதுங்கள். கேபிள் செருகும் இடத்தில் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள்.

கேட்பவர், திருநகர்:
பச்சை லைட் நிற்கிறது, பக்கத்தில் மஞ்சள் விட்டு விட்டு மின்னுகிறது தம்பி. ரென்யூ கொடுத்தால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, டிஹெச்சிபி சர்வரை, அதாவது முகவரி கொடுப்பதை, தொடர்புகொள்ள முடியவில்லை, நேரம் முடிந்துவிட்டது என்கிறது.

பதில், வில்லாபுரம்:
மாடிக்குப் போகிற கேபிளை எலி கடித்திருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. புதுக் கேபிள் இழுத்துவிடுங்கள்.

பதில், மேலூர்:
அண்ணன் சொல்வதும் நடக்கக்கூடியதுதான், ஆனால் சுவரைக் குடைவதற்கு முன்னால் இரண்டு சோதனை இருக்கிறது மேடம்.

முதலில் அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் செருகுங்கள், அதில் வைஃபையை அணைத்துவிட்டு. நெட் வந்தால் கேபிளும் ரவுட்டரும் சரி.

அடுத்தது முக்கியம். போனின் வைஃபை விவரத்தில் கேட்வே என்ன என்று பாருங்கள். 192.168.1.1 என்றால், டெஸ்க்டாப்பில் ஐபியைக் கையால் போடுங்கள்: முகவரி 192.168.1.200, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ் 8.8.8.8. பிறகு சிஎம்டியில் 'பிங் 192.168.1.1'. பதில் வந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, முகவரி கேட்கும் பேச்சுதான் எங்கோ தடுக்கப்படுகிறது.

அந்தப் பேச்சு நான்கு கட்டம். கம்ப்யூட்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி 'முகவரி கொடுப்பவர் யார்' என்று அனுப்பும். ரவுட்டர் ஒரு முகவரியைக் காட்டும். 'அதையே கொடு' என்று கம்ப்யூட்டர் கேட்கும். 'சரி, இத்தனை நேரத்துக்கு உனக்கு' என்று ரவுட்டர் முடிக்கும். இதெல்லாம் யுடிபி 67, 68 என்ற இரண்டு போர்ட்டுகளில், அதாவது தகவல் போய்வரும் வாசல்களில், நடக்கிறது. அவற்றை ஏதாவது ஃபயர்வால் (தகவலை வடிகட்டும் பாதுகாப்பு மென்பொருள்) மறித்தால், கேபிள் தங்கமாக இருந்தாலும் உங்களுக்கு 169.254தான்.

ஒரு கேள்வி. சமீபத்தில் ஆன்டிவைரஸ் ஏதாவது எடுத்தீர்களா, அல்லது சந்தா முடிந்ததா?

கேட்பவர், திருநகர்:
மகளின் லேப்டாப்பில் அதே கேபிளில் உடனே நெட் வந்தது சார். டெஸ்க்டாப்பில் கையால் போட்டதும் பிங் பதில் வந்தது, ஜிஎஸ்டி தளமும் திறந்தது! ஆன்டிவைரஸ் சந்தா முடிந்துபோனதால் போன வாரம் நீக்கினேன். ரீஸ்டார்ட் கேட்டது, டேலி திறந்திருந்ததால் அப்புறம் என்று விட்டேன். கரண்ட் போனபோதுதான் அணைந்தது. இப்படியே கையால் போட்ட முகவரியோடு விட்டுவிடலாமா?

பதில், மேலூர்:
3பியை முதலில் போட்டு முடியுங்கள். ஆனால் அப்படியே விடாதீர்கள். 200ஐ ரவுட்டர் நாளைக்கு ஒரு போனுக்குக் கொடுத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். ரவுட்டரை மாற்றினாலும் மறுபடி நெட் நிற்கும், அப்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வேலை முடிந்ததும் விண்டோஸ் ரன்னில் 'என்சிபிஏ.சிபிஎல்' என்று போட்டு, ஈதர்நெட் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ். டிக் போட்ட பட்டியல் வரும். அதில் பழைய ஆன்டிவைரஸ் பெயரோடு ஃபில்டர் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். கரண்ட் வெட்டினதில் நீக்கம் பாதியில் நின்றிருக்க வேண்டும், அதனால் சந்தேகப்படுகிறேன். இருந்தால் டிக்கை எடுங்கள். ஐபியையும் டிஎன்எஸ்ஸையும் 'தானாகப் பெறு' என்று மாற்றிவிட்டு ரென்யூ கொடுங்கள்.

கேட்பவர், திருநகர்:
இருந்தது சார். பட்டியலில் நாலாவதாக, டிக்கோடு. எடுத்துவிட்டு ரென்யூ கொடுத்தேன், சில நொடியில் 192.168.1.7 வந்தது, கேட்வேயும் வந்துவிட்டது. ரீஸ்டார்ட் பண்ணியும் பார்த்தேன், நிற்கிறது. இரண்டு கடைக்கு 3பி போட்டாயிற்று. மிச்சத்தை ராத்திரிக்குள் முடித்துவிடுவேன். உங்களுக்கும் செல்லூர் தம்பிக்கும் ரொம்ப நன்றி.

பதில், மேலூர்:
நல்லது மேடம். அந்த ஆன்டிவைரஸ் நிறுவனமே தன் தளத்தில் முழுசாக நீக்கும் கருவி வைத்திருந்தால் அதை ஒருமுறை ஓட்டுங்கள், மிச்சம் மீதியும் போய்விடும். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்களின் கணக்கெல்லாம் அந்த மெஷினில்தானே இருக்கிறது.