இட்டாஸ்கா ஏரிக்கரையில் ரெண்டு ராத்திரி டென்ட்: எந்த இடம், என்ன ஏற்பாடு?

ஏரிக்காத்து:
ஜூன் கடைசி வாரம் மினசோட்டாவின் இட்டாஸ்கா ஸ்டேட் பார்க் போறோம். ரெண்டு பெரியவங்க, எட்டு வயசுப் பையன், நாலு பேர் டென்ட். பேர் பா (Bear Paw), பைன் ரிட்ஜ்னு ரெண்டு கேம்ப்கிரவுண்ட் இருக்கு. தண்ணிக்குப் பக்கத்துலயே இடம் வேணும். மழை, கொசு, கரடி மூணுக்கும் என்ன செய்யணும்? சாப்பாடு நம்ம சாப்பாடுதான். சின்ன கேஸ் ஸ்டவ்ல குக்கர் வைக்கலாமா?

பைன்நிழல்:
ஏரிதான் முக்கியம்னா பேர் பா. அங்கேயும் தண்ணிக்கு ரொம்பக் கிட்ட இருக்கறது கார்ட்-இன் இடங்கள். காரை நிறுத்திட்டு சாமானை வண்டியில தள்ளிட்டுப் போகணும், கரண்ட் கிடையாது. 120 நாளுக்கு முன்னாடியே முன்பதிவு திறந்துடும், நல்ல இடமெல்லாம் முதல்ல போயிடும். வாகன பெர்மிட் தனி.

ஆனா கரையை ஒட்டி, பள்ளமான இடமா எடுக்காதீங்க. ராத்திரி குளிர்காத்து பள்ளத்துல வந்து தேங்கும், பனியும் கொசுவும் அங்கதான் அதிகம். கொஞ்சம் மேடா, காத்து வர்ற இடம் பாருங்க. டென்ட் அடிக்கறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாருங்க. மேலே பட்ட கிளை தொங்கினா அங்க வேண்டாம்.

கீழே விரிக்கற தார்ப்பாய் டென்ட் தரையை விட நாலு பக்கமும் கொஞ்சம் உள்ளடங்கி இருக்கணும். வெளியே நீட்டிட்டு இருந்தா மேலே விழற மழை வழிஞ்சு நேரா டென்டுக்கு அடியில தேங்கிடும். நைலான் மேல்விரிப்பு நனைஞ்சா தொய்யும், அதனால படுக்கறதுக்கு முன்னாடி கயிறை இன்னொரு தடவை இழுத்துக் கட்டுங்க. காலையில உள்பக்கம் ஈரமா இருந்தா ஒழுகுதுன்னு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மூணு பேரோட மூச்சுக்காத்துதான் அது. மழை பெஞ்சாலும் மேல் ஜன்னலை மூடாதீங்க.

கொசுவலை:
கொசுவை விட உண்ணிக்குத்தான் பயப்படணும். லைம் நோயைப் (பாக்டீரியா தொற்று) பரப்பற மான் உண்ணியோட குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும், ஜூன்ல நிறைய. துணிக்கு அடிக்கற பூச்சிமருந்தான 0.5% பெர்மெத்ரினை ஊருலேயே சட்டை, பேன்ட், சாக்ஸ் மேல அடிச்சு நல்லா காயப்போட்டு எடுத்துட்டு வாங்க. தோல்ல படக்கூடாது. வீட்டுல பூனை இருந்தா ஈரம் காயற வரைக்கும் பக்கத்துல விடாதீங்க, அதுக்கு விஷம். தோலுக்கு 20% பிகாரிடின்ங்கற பூச்சிவிரட்டி போதும். 30% டீட்ங்கற (DEET) விரட்டியும் பையனுக்குப் போடலாம், ஆனா கண்ணாடி ஃப்ரேம், வாட்ச் பிளாஸ்டிக்கை அது அரிச்சுடும். சன்ஸ்க்ரீன் போட்ட பிறகு இதைப் போடணும்.

தினம் சாயங்காலம் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னாடி தடவிப் பாருங்க. கடிச்சிருந்தா மெல்லிய முனை இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேலே இழுங்க. திருகறது, எண்ணெய் விடறதெல்லாம் வேண்டாம்.

ஏரியில குளிச்சா ஏறின உடனே துண்டால அழுத்தித் துடைக்கணும். நத்தையில இருந்து வர்ற நுண்புழுவால அரிப்பு வரும்.

அடுப்படி:
சிலிண்டர் மேலேயே திருகற ஸ்டவ்ல மூணு லிட்டர் குக்கர் வேண்டாம். சாயும்ங்கறது ஒண்ணு. அகலமான பாத்திரத்தோட சூடு கீழே சிலிண்டர்ல அடிக்கும்ங்கறது அதை விட மோசம். காத்துக்குத் தகடு சுத்தி மறைச்சீங்கன்னா ஆபத்தே. 465 கிராம் பச்சை புரொப்பேன் சிலிண்டர் மாட்டற ரெண்டு பர்னர் அடுப்பு எடுங்க, குக்கர் தாராளமா நிக்கும். மழைன்னு டென்டுக்குள்ள மட்டும் பத்த வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாது.

கரடிக்காக கார்ட்-இன் பத்தி நான் பைன்நிழல் சொன்னதுல கொஞ்சம் மாறுபடறேன். ராத்திரி ஐஸ்பெட்டி, குப்பை, பொடி டப்பா, பேஸ்ட், தேங்காயெண்ணெய் எல்லாமே காருக்குள்ள போகணும், கண்ணாடி ஏத்தியிருக்கணும். கார் தள்ளி நின்னா இருட்டுல அத்தனையும் தள்ளிட்டுப் போகணும். சின்னப் பையனோட அது தொல்லை. பேர் பாவிலேயே கார் பக்கத்துல நிக்கற மேட்டு இடம் எடுங்க.

ஏரிக்காத்து:
சரி, அப்படியே மாத்திடறேன். விறகு வீட்டுல நிறைய இருக்கு, கொண்டு வரலாமா?

பைன்நிழல்:
கூடாது. ஆஷ் மரங்களை அழிக்கற எமரால்டு ஆஷ் போரர் வண்டு விறகோடதான் ஊர் மாறுது, அதனால அங்கீகரிச்ச விறகு மட்டும்தான் பார்க்குக்குள்ள விடுவாங்க. ஆபீஸ்லேயே கட்டு வாங்கிக்கலாம். அணைக்கும்போது தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடி ஊத்தணும். சாம்பல் மேல புறங்கையை வெச்சுப் பார்த்து சூடே இல்லேன்னாதான் படுக்கப் போகணும்.