வெள்ளி ரூபாய் படத்தில் செம்பு போல வருகிறது: விளக்கை எங்கே வைப்பது?

அப்பத்தா வீட்டுப் பேரன், காரைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். காசு படமெடுத்துப் பழகியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எங்கள் அப்பத்தாவின் பெட்டகத்தில் இருந்த பழைய காசுகளை வரும் தை மாதம் பங்கு பிரிக்கிறோம். பங்காளிகளில் பாதிப் பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களும் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பதால், ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. விக்டோரியா தலை போட்ட 1862 ரூபாய் 14, எட்வர்டு, ஜார்ஜ் ரூபாய்கள் ஒரு 20, அதில் 1911 ஒன்று, 1835 கால் அணா ஒரு கைப்பிடி, பாட்டையா பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போய்த் திரும்பியபோது வந்த சதுர ஒரு சென்ட் காசுகள், ஒரு சின்னக் கொட்டான் நிறையப் புதுக்கோட்டை அம்மன் காசு.

கேனான் 1500டி, அதனுடன் வந்த 18-55 லென்ஸ், ட்ரைபாட் இருக்கின்றன. எல்இடி பட்டை ஒட்டிய மடக்கு வெளிச்சப் பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அதற்குள் வைத்து எடுத்தால் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழுகிறது. காசும் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு முற்றத்து ஓரம் ஸ்டூல் போட்டு எடுத்தேன். இப்போது வெள்ளி ரூபாய் செம்பு போலச் சிவந்து வருகிறது, ஒரு பக்கம் வெளிறிப் போகிறது, ராணியின் கிரீடம் கூர்மையாக இருந்தால் கழுத்துப் பக்கம் மங்கிவிடுகிறது. கோலாலம்பூர் சித்தப்பா 1862 காசுகளின் பின்பக்கத்தில் புள்ளி எத்தனை என்று கேட்கிறார். என் படத்தில் புள்ளியே தெரியவில்லை.

சின்னப் பொருளைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கச் சொல்கிறார் ஒரு நண்பர். விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. குறை லென்ஸில்தானா?

பள்ளத்தூர்க்காரன்

தம்பி, படமெடுக்கும் முன் காசைச் சுத்தம் பண்ணுங்கள். புளி போட்டுத் தேய்த்துக் கழுவினால் கறுப்பெல்லாம் போய்ப் பளிச்சென்று வந்துவிடும். புள்ளியும் தெரியும்.

நகைக்கடைக்குப் படமெடுப்பவள், தேவகோட்டை

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யக் கூடாது. அச்சடிக்கும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடியதால் உண்டான மிக நுண்ணிய வரிகள் காசின் மேல் இருக்கின்றன. காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம் போலச் சுற்றி வருவது அவற்றால்தான். புளியோ, சாம்பலோ, பற்பசையோ போட்டு ஒருமுறை தேய்த்தால் அந்த வரிகள் அழிந்துவிடும். திரும்ப வராது. தேய்த்த கீறல்கள் கேமராவில் கண்ணுக்குத் தெரிவதைவிட மோசமாகத் தெரியும், சேகரிப்பவர்கள் விலையையும் குறைத்துவிடுவார்கள். கறுப்பு என்பது வெள்ளியும் காற்றில் உள்ள கந்தகமும் சேர்ந்து உண்டான மெல்லிய படலம். அது வயதின் அடையாளம், இருக்கட்டும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், தூசி இருந்தால் ரப்பர் ஊதியால் ஊதிவிடுங்கள், அது போதும்.

இப்போது எனக்குச் சில விவரங்கள் வேண்டும். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? ஸ்டூல் இருந்த இடத்தில் தரை என்ன நிறம்? தலைக்கு மேலே கூரையா, வானமா? பக்கத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் உண்டா? நீங்கள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தீர்கள்?

அப்பத்தா வீட்டுப் பேரன், காரைக்குடி

ஆச்சி, நீங்கள் சொன்னதைப் படித்ததும் மனசு கனத்துப் போனது. போன வாரம் ஒரு 1862 ரூபாயை நானே புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். மற்ற 13-ஐத் தொடவில்லை, இனித் தொடவும் மாட்டேன்.

காலை 11 மணி. தரை ஆத்தங்குடிக் கல், சிவப்பும் மஞ்சளும். ஸ்டூல் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், மேலே தேக்கு மரக்கூரை. ஜன்னலின் மேல்பகுதியில் சிவப்பு, பச்சைக் கண்ணாடி உண்டு. சட்டை சிவப்பு.

நகைக்கடைக்குப் படமெடுப்பவள், தேவகோட்டை

நினைத்தேன். லென்ஸில் குறையே இல்லை.

வெள்ளிக்காசு பாதி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. அதைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதுதான் அதன் மேல் நிறமாக விழும். முற்றத்து வெயில் சிவப்புக் கல்லில் பட்டு எழும்பி வருகிறது, தேக்கு பழுப்பை இறக்குகிறது, உங்கள் சட்டையும் சேர்ந்துகொள்கிறது. காசு இவை எல்லாவற்றையும் காட்டுகிறது. கூடவே நீல வானத்து ஒளியும் கலந்திருப்பதால், வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமராவில் திருத்தும் வெண்மைச் சமனை எப்படி மாற்றினாலும் ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் கெடும். நம் வீட்டு முற்றம் மனுஷர்களைப் படமெடுக்க அருமையான இடம். காசுக்கு உள்ளறைதான் நல்லது.

ஓர் இருட்டான அறைக்குப் போங்கள். ஜன்னலைச் சாத்துங்கள், ட்யூப்லைட்டை அணையுங்கள், கறுப்போ சாம்பலோ உடுத்துங்கள். மேசை மேல் கறுப்புத் துணி விரித்து, ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி போல ஒன்றைத் துணியிலிருந்து ஐந்து செ.மீ. உயரத்தில் நிறுத்தி, அதன் மேல் காசை வையுங்கள். மூடி காசைவிடச் சின்னதாக இருக்கட்டும். நிழல் தூரத்தில் விழுந்துவிடும், துணியின் நூலும் மங்கிவிடும்.

விளக்குக்குக் கழுத்து வளையும் மேசை விளக்கு இரண்டு போதும். இரண்டிலும் ஒரே கம்பெனி, ஒரே நிற பல்பு போடுங்கள். ஒளியின் நிற அளவு 5000 கெல்வின் பக்கம், நிறங்களை உள்ளபடி காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று அட்டையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். காசைக் கடிகார முகமாக நினைத்தால் ஒன்று 10 மணியில், மற்றொன்று 2 மணியில். எல்லாரும் தவறுவது உயரத்தில்தான். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் சின்னக் கீறல்கூட வாய்க்கால் போலத் தெரியும், எழுத்துகள் நிழலில் மூழ்கும். லென்ஸின் பக்கத்துக்கே உயர்த்தி, நல்ல செங்குத்தாக ஒளி இறங்கும்படி வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே திரையைப் பாருங்கள். காசு உயிர்பெறும் இடம் ஒன்று வரும். தேய்ந்த காசுக்கு அது தாழ்வாகவும், புதுக்காசுக்கு உயரமாகவும் இருக்கும்.

வெளிச்சப் பெட்டியில் காசு தட்டையாக வந்ததற்குக் காரணம், ஒளி நாலாபக்கமும் ஒரே அளவாக வந்ததுதான். நிழலே இல்லையென்றால் மேடு பள்ளம் ஏது? ட்ரேசிங் பேப்பர் போட்டு ஒளியை மிருதுவாக்கச் சிலர் சொல்வார்கள். நகைக்கு நானும் போடுவேன். காசுக்குப் போட மாட்டேன், போட்டால் அந்தச் சக்கர ஒளி செத்துவிடும்.

முகம் பார்க்கும் திசையையும் கவனியுங்கள். விக்டோரியாவும் ஜார்ஜும் இடப்பக்கம் பார்க்கிறார்கள், அதனால் 10 மணி விளக்கு கொஞ்சம் கிட்டே இருக்கட்டும். எட்வர்டு வலப்பக்கம் பார்ப்பார். அவருக்கு 2 மணி விளக்கைக் கிட்டே கொண்டுவாருங்கள்.

ஒரு பக்கம் மங்குவது கேமரா சாய்ந்திருப்பதால். காசு வைக்கும் இடத்தில் சின்ன முகக்கண்ணாடியை வைத்து கேமராத் திரையில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் வந்தால் கேமராவும் காசும் இணையாக இருக்கின்றன. வரவில்லையென்றால் ட்ரைபாட் தலையைத் திருத்துங்கள்.

குறுக்குக் கோடு விழுவது அந்தப் பெட்டியின் எல்இடி கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிவதால். உங்கள் ஷட்டர் மிக வேகமாக இருந்திருக்கும். காசு எங்கேயும் ஓடப் போவதில்லை. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் கால் வினாடி ஆனாலும் பரவாயில்லை. இரண்டு வினாடி டைமர் போடுங்கள், லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். கேமரா திருத்தாத மூலப்படமான ரா கோப்பாக எடுங்கள். விளக்கை அமைத்ததும் ஒரு சாம்பல் அட்டையை அங்கே வைத்து வெண்மைச் சமன் பிடித்துக்கொண்டால் போதும். வெள்ளைக் காகிதம் வேண்டாம், அதில் நீலம் கலந்திருக்கும்.

அம்மன் காசு பிரியன், புதுக்கோட்டை

ஆச்சி சொன்னதற்கு மேல் விளக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. லென்ஸ் கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வீணாகப் பணம் போடக் கூடாது.

உங்கள் 18-55 லென்ஸ் மிகக் கிட்டே போனால் பொருளை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் இறக்கும். வெள்ளி ரூபாயின் குறுக்களவு 30 மி.மீ.க்குச் சற்று மேல். ஆக சென்சாரில் 10 மி.மீ. விழும். 1500டி சென்சாரின் உயரம் 14.9 மி.மீ., அதில் 4000 பிக்சல். காசு மட்டும் 2700 பிக்சலுக்குக் குறையாமல் கிடைக்கும். சித்தப்பா திரை முழுக்கப் பெரிதாக்கிப் புள்ளியை எண்ணலாம்.

அம்மன் காசுக்குத்தான் இது போதாது. சுண்டுவிரல் நகம் அளவுதானே, ஆயிரம் பிக்சல்கூடத் தேறாது. அதற்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டாம், நீட்டிப்புக் குழாய் ஒன்று போதும். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுவது. 55-இல் வைத்து 20 மி.மீ. குழாய் போட்டால் உருப்பெருக்கம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மின் தொடர்புள்ள குழாயாக வாங்குங்கள், இல்லையென்றால் கேனானில் எஃப் எண்ணை மாற்ற முடியாது. ஒரு சங்கடம் உண்டு: லென்ஸ் காசுக்கு மிக நெருங்கிவிடும், விளக்கை உயர்த்த இடம் இருக்காது. 10 மணி விளக்கை மட்டும் வைத்து, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டையைச் சாய்த்து வையுங்கள்.

அம்மன் காசில் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று இருக்கும். ஒரு காலத்தில் எங்கள் ஊர் நவராத்திரியில் அரிசியோடு கொடுத்த காசு. கறுத்த செம்பு ஒளியை விழுங்கும், அதனால் ரூபாய்க்கு வைத்த ஷட்டர் போதாது, இரண்டு மடங்காவது நேரம் கொடுங்கள். ஒரே அமைப்பில் வெள்ளியையும் செம்பையும் கலந்து எடுக்காதீர்கள். வெள்ளி எல்லாவற்றையும் ஒரு நாள், செம்பு எல்லாவற்றையும் மறுநாள்.

ட்ரைபாட் கால் படத்தில் நிழலாக விழுந்தால், பிலிம் காலத்து ஸ்டுடியோ எதிலாவது பிலிமைப் பெரிதாக்கிப் படம் போடும் பழைய என்லார்ஜர் ஸ்டாண்ட் கிடைக்குமா என்று விசாரியுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் கேட்கலாம். அடிப்பலகையும் நேர்க்கம்பமும் உள்ளது. தலையைக் கழற்றிவிட்டுக் கேமராவை மாட்டினால் அதைவிட உறுதியான தாங்கி கிடையாது.

கண்டனூர் மாணவி

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. முடியுமா?

நகைக்கடைக்குப் படமெடுப்பவள், தேவகோட்டை

முடியும் அம்மா. மேக்ரோ முறையை அணைத்துவிட்டு 2 மடங்கு ஜூம் போடுங்கள், போன் நிழல் காசில் விழாத தூரம் கிடைக்கும். இரண்டு அடுக்குப் புத்தகத்துக்கு நடுவே கண்ணாடிப் பலகை வைத்து, அதன் மேல் போனைக் கிடத்துங்கள். விளக்கு விஷயம் எல்லாம் அதேதான்.

அப்பத்தா வீட்டுப் பேரன், காரைக்குடி

மூன்று நாள் கழித்து வருகிறேன். இரண்டாங்கட்டு அறையில் ஆச்சி சொன்னபடியே வைத்தேன். வெள்ளி வெள்ளியாக வருகிறது! முகக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் கேமரா எவ்வளவு சாய்ந்திருந்தது என்று தெரிந்தது. விளக்கைத் தாழ்த்திக்கொண்டே வந்தபோது ராணியின் உடைப் பூவேலை ஓர் இடத்தில் சட்டென்று எழுந்து நின்றது. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன், இதில் இவ்வளவு வேலைப்பாடு இருப்பது இப்போதுதான் தெரிகிறது என்றார்கள்.

1911 மட்டும் சரிவரவில்லை. பெட்டியிலிருந்து வெளியே வராத காசு போல, அப்படியே மினுங்குகிறது. விளக்கை உயர்த்தினால் வெள்ளைத் திட்டு, தாழ்த்தினால் வெற்றிடமெல்லாம் கறுப்பு.

நகைக்கடைக்குப் படமெடுப்பவள், தேவகோட்டை

அதற்கு ஒளியை லென்ஸ் வழியே இறக்குவது போல இறக்க வேண்டும். படச்சட்டத்தில் போடும் மெல்லிய கண்ணாடியைத் துடைத்து, காசுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 45 டிகிரி சாய்த்து நிறுத்துங்கள். ஒரே விளக்கு, பக்கவாட்டிலிருந்து கண்ணாடியை நோக்கி. கண்ணாடியில் பட்ட ஒளி நேர் கீழே காசில் விழும், அங்கிருந்து கண்ணாடியை ஊடுருவி லென்ஸுக்குப் போகும். விளக்கு நேராகக் காசில் படாமல் சின்னக் கறுப்பு அட்டையால் மறையுங்கள். கண்ணாடியைத் தாண்டிப் போகும் ஒளிக்கு எதிரே கறுப்புத் துணி தொங்கட்டும். ஒளியில் கொஞ்சம்தான் கீழே திரும்பும், அதனால் ஷட்டரை ஒரு வினாடிக்குக்கூடக் கொண்டுபோங்கள்.

அம்மன் காசு பிரியன், புதுக்கோட்டை

1911-இல் ராஜாவின் அங்கியில் உள்ள யானையை மட்டும் தனியே பெரிதாக எடுங்கள். பார்க்கப் பன்றி போல இருக்கிறது என்று அப்போது பெரிய எதிர்ப்பு எழுந்து, 1912 காசில் யானையைத் திருத்தினார்கள். வாங்குபவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

1862-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டைப் போட்டே 1874 வரை அச்சடித்தார்கள். பின்பக்கப் புள்ளிகளை வைத்துத்தான் பம்பாய் அக்கசாலையில் (நாணயம் அச்சிடும் இடம்) அடித்த காசு எந்த ஆண்டுடையது என்று பிரிப்பார்கள். அதனால் ஆண்டுக்குக் கீழேயும் மேல்பக்கப் பூவை ஒட்டியும் கூர்மையாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு படத்தையும் 100 சதவீதத்தில் பார்த்த பிறகே அடுத்த காசுக்குப் போங்கள். பங்கு பிரிக்கும் காசு என்பதால் எடையையும் எழுதுங்கள். ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும், தேய்ந்தது கொஞ்சம் குறையும்.

அப்பத்தா வீட்டுப் பேரன், காரைக்குடி

கண்ணாடி வைத்து எடுத்தேன், யானையின் தும்பிக்கை வரை தெரிகிறது. 14 ரூபாயில் ஐந்தில் புள்ளியே இல்லை, மற்றவற்றில் இருக்கிறது. நான் தேய்த்த காசிலும் ஆண்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அதைத் தேய்த்தது நான்தான் என்று படத்தோடு எழுதி அனுப்பிவிட்டேன், அந்தக் காசை என் பங்கில் எடுத்துக்கொள்கிறேன். குழாய் வெள்ளிக்கிழமை வருகிறது. அதன் பிறகு அம்மன் காசு.