வளரும் பால் பைத்தானுக்கு உறைந்த எலி: மொத்தமாக வாங்கிச் சேமிக்கலாமா?

அல்சூர்வாசி (கேள்வி)

எங்கள் வீட்டுப் பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு வகை) குட்டி இப்போது 260 கிராம் எடைக்கு வந்திருக்கிறது. வாரம் ஒரு முறை, வளர்ந்த சுண்டெலி ஒன்றை உறைந்த நிலையிலிருந்து உருகவைத்துக் கொடுக்கிறோம், தயக்கமின்றி விழுங்கிவிடுகிறது. எலிகளைப் பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் உள்ள ஒரு வளர்ப்பாளரிடம் வாங்குகிறேன். ஐம்பதாக எடுத்தால் விலையில் நன்றாகவே குறைத்துத் தருவதாக அவர் சொல்கிறார். சில்க் போர்டு நெரிசலில் அடிக்கடி மாட்டிக்கொள்வதைவிட ஒரேயடியாக வாங்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் எங்களிடம் இருப்பது சமையலறை ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீசர் மட்டுமே. பட்டாணியும் ஐஸ்கிரீமும் இருக்கும் இடத்தில் எலியை வைப்பதில் என் மாமியாருக்குச் சற்றும் சம்மதமில்லை. கோடை மழை நாட்களில் மணிக்கணக்கில் மின்சாரம் போய்விட்டால் இருப்பு கெட்டுவிடாதா என்ற கவலையும் இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஜெயநகர் ஊர்வன

ஐம்பது வாங்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் அது ஏறக்குறைய ஓராண்டு இருப்பு. உங்கள் பாம்போ ஓராண்டுக்கு இதே அளவில் இருக்கப்போவதில்லை. முதல் வயதில் பால் பைத்தானின் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை ஒரு வேளை உணவாகக் கொடுப்பது வழக்கம். 260 கிராமுக்கு அது 26 முதல் 39 கிராம் வரை வரும். வளர்ந்த சுண்டெலி பெரும்பாலும் 20 முதல் 30 கிராம்தான் இருக்கும் என்பதால், இப்போதே அது கீழ்வரம்பைத்தான் தொடுகிறது. பாம்பு 350 கிராமைத் தாண்டியதும் ஒரு சுண்டெலி போதாது. மீதமிருக்கும் இருப்பை இரண்டிரண்டாகத் தீர்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே இப்போதே பெரிய வகை வெள்ளெலிக்கு (rat) மாற்றத் தொடங்குங்கள். கடைக்காரர்கள் வீனர் என்று சொல்லும், பால்குடி மறந்த குட்டி போதும். எலியின் பருமன் பாம்பின் உடலில் தடித்த பகுதியின் பருமனை ஒட்டி இருந்தால் சரி. பால் பைத்தான் ஒரு வாசனைக்குப் பழகிவிட்டால் வேறொன்றை ஏறெடுத்தும் பார்க்காத பிடிவாதக்காரன். வளர்ந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதல் சில தடவை, சுண்டெலி ஒன்றையும் வெள்ளெலிக் குட்டியையும் ஒரே பையில் போட்டு உருகவைத்தால் சுண்டெலியின் வாசனை மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டுப் பொறியில் சிக்கிய எலியை உறையவைத்துக் கொடுக்கலாம் என்று எவரேனும் யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது எங்கே விஷம் தின்றுவிட்டு வந்தது என்பது யாருக்கும் தெரியாது.

குளிர்ப்பெட்டி

மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உறையவைப்பதால் சால்மொனெல்லா கிருமி சாவதில்லை. உறக்கத்தில் இருக்கும், அவ்வளவே. சிறிய டீப் ஃப்ரீசர் ஒன்றைப் பழையதாக வாங்கிப் பால்கனிப் பக்கம் வைப்பது சிறந்த வழி. அது முடியாதென்றால், ஒவ்வொரு எலியையும் காற்றை அழுத்தி வெளியேற்றிய ஜிப் பையில் தனித்தனியாக இட்டு, எல்லாவற்றையும் இறுக மூடும் டப்பாவில் அடைத்து, ஃப்ரீசரின் அடிப்பகுதியில் பின்பக்கமாக வையுங்கள். கதவுப் பக்கம் கூடாது. பனிக்கட்டி படியாத வகை ஃப்ரிட்ஜ்களில் உறைபனியை நீக்க அவ்வப்போது சூடு ஏறி இறங்குவதால், காற்றுப் புகுந்த பையில் உள்ள எலி விரைவில் காய்ந்து வெளுத்துவிடும். மைனஸ் 18 டிகிரியில் ஆறு மாதம் வரை வைக்கலாம். பையின் மேல் தேதி எழுதிவையுங்கள்.

மின்தடையின்போது திறந்து திறந்து பார்ப்பதுதான் கேடு. மூடியே வைத்தால், நிரம்பிய டீப் ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும் பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிர்ச்சியைத் தாங்கும். ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அவ்வளவு தாங்காது. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து அடுக்கினால் நல்லது. மின்சாரம் வந்ததும் எலியின் வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் கவலையில்லை. வயிறு குழைந்திருந்தால், மற்ற பாகம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். குடல்தான் முதலில் அழுகும். முழுதும் உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது.

அல்சூர்வாசி

மிக்க நன்றி. எட்டு எலிகள் மட்டும் வாங்குகிறேன், பாதி வீனர். உருகவைக்க நேரடியாக வெந்நீரில் போடலாமா?

ஜெயநகர் ஊர்வன

வேண்டாம். வெளிப்புறம் வெந்து உள்ளே பனிக்கட்டி நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பு அதைவிட மோசம், வயிறு வெடித்துவிடும். முந்தைய இரவே பையோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் மாலை கை பொறுக்கும் வெந்நீரில் பையோடு இருபது நிமிடம் அமிழ்த்துங்கள். நடு வயிற்றில் சில்லிப்பு இல்லை என்று தொட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு, தலையை மட்டும் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கிக் கொடுங்கள். பால் பைத்தானின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. சூடான பக்கத்தைத்தான் அது முதலில் கவ்வும். நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள், அதன்பின் இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் நம் ஊர் இரவுகள் 15 டிகிரியை ஒட்டி இறங்கும்போது கூண்டின் சூடான மூலை 31 டிகிரிக்குக் குறைந்தால், தின்றது செரிக்காமல் கக்கிவிடக்கூடும். அப்படிக் கக்கினால் இரண்டு வாரம் பட்டினி போட்டு, வழக்கத்தில் பாதி அளவுள்ள எலியோடு மறுபடி தொடங்குங்கள்.

குளிர்ப்பெட்டி

ஒன்று கேட்க மறந்தேன். பால் பைத்தான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். தங்களுடையது பதிவாகிவிட்டதா?